பயத்தோடு வேதம் வாசித்த எங்கள் அக்கா

அக்கா இறைவனிடம் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய தங்கையின் வணக்கம். அட்டையில் அக்காவின் படத்துக்குக் கீழே 'விசுவாசத்தின் வீராங்கனை' என்று போடலாம் என்றார் எங்கள் பெரியப்பா மகன். அச்சகத்துக்காரரும், எல்லோரும் போடுவதுதான், எடுப்பாக இருக்கும் என்றார். நான் ஒரே பிடியாக வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அக்கா பயந்தார். கடைசி மாதங்களில் அவ்வளவு பயந்தார். அதை மறைத்து எழுதினால் அது வேறு யாரோ ஒரு பெண்மணியின் நினைவு மலராகிவிடும். அதனால் படிக்கிறவர்களுக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தாலும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா பிறந்தது திருவையாற்றுக்குப் பக்கத்தில் எங்கள் அம்மாவின் ஊரில். அப்பா பொதுப்பணித் துறையில் லஸ்கர். ஆற்று மதகின் ஷட்டரை ஏற்றுவது, இறக்குவது, எந்த வாய்க்காலுக்கு என்றைக்குத் தண்ணீர் என்று பார்ப்பது அவர் வேலை. முறை வைத்துத் தண்ணீர் விடும் காலத்தில் தலைமடைக்காரரும் கடைமடைக்காரரும் எங்கள் வாசலுக்கு வந்து கத்துவார்கள். அப்பா வரும்வரை அவர்களை உட்கார வைத்து மோர் கொடுத்து, ஒவ்வொருவரும் சொல்வதை முழுதாகக் கேட்பது அக்காதான். அடுத்தவர் பேசி முடிக்கும்வரை வாயைத் திறக்காமல் இருக்கும் பழக்கம் அவருக்கு அங்கேதான் வந்திருக்க வேண்டும். எனக்கு அது இன்று வரை வரவில்லை.

ஓர் ஐப்பசியில் ஆறு கரை தொட்டு ஓடியபோது, மதகில் வந்து சிக்கிய மரத்தைத் தள்ளப் போன அப்பாவைத் தண்ணீர் கொண்டுபோய்விட்டது. சாப்பாட்டுத் தூக்கோடு கரையில் நின்றிருந்தவர் அக்கா. அப்போதுதான் பிளஸ் டூ முடித்திருந்தார். கல்லூரிக்குப் போக வேண்டியவர் வலங்கைமான் பக்கம் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் உர மூட்டைக்கு ரசீது போடப் போனார். என்னை ஆசிரியப் பயிற்சி வரை படிக்க வைத்ததும் கட்டிக் கொடுத்ததும் அவர்தான். அன்றிலிருந்து அவர் ஆற்றில் கால் வைத்ததில்லை. கோடையில் வெறும் மணலாகக் கிடக்கும் ஆற்றைக்கூடப் பாலம் வழியாகச் சுற்றித்தான் கடப்பார். இது ஊருக்கே தெரியும், யாரும் கேலி செய்ததில்லை.

டிராக்டர் மெக்கானிக்கான எங்கள் அத்தானைக் கட்டிக்கொண்டு வலங்கைமானுக்குப் பக்கத்து ஊருக்கே வாழப் போனார். குழந்தை இல்லை. ஊர் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருந்தது. அக்கா பதில் சொன்னதே இல்லை. பக்கத்துத் தெருவில்தான் என்னையும் கட்டிக் கொடுத்திருந்தார் என்பதால் இதையெல்லாம் நான் கிட்ட இருந்து பார்த்தவள்.

அந்த ஊரில் எங்களுடையது கிளைக் கோயில். பங்குச் சாமியார் மாதத்தில் இரண்டு ஞாயிறுதான் பூசைக்கு வருவார். ஆனால் தெருவில் உள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்த அன்பியம் ஒன்று உண்டு. புதன்கிழமை மாலையில் யாராவது ஒருவர் வீட்டில் பாய் விரித்து உட்கார்ந்து, வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கான வாசகங்களை முன்கூட்டியே படித்துப் பேசுவோம். அதை நடத்தியவர் அக்கா. அவர் வைத்த முறை எளிது. வாசகத்தை ஒருவர் நிதானமாக வாசிக்க வேண்டும். பிறகு ஒவ்வொருவரும் தன்னைத் தொட்ட ஒரே ஒரு சொல்லை மூன்று முறை சொல்ல வேண்டும், நடுவில் மூச்சு விட்டு. ஒருவர் எடுத்த சொல்லுக்கு இன்னொருவர் விளக்கம் சொல்லக் கூடாது, திருத்தவும் கூடாது. எல்லோரும் சொல்லி முடித்த பிறகுதான் அக்கா பேசுவார். அதுவும் "இது நம்ம தெருவுல எங்க நடக்குது?" என்ற ஒரு கேள்வியாகத்தான் இருக்கும்.

திருவழிபாட்டு ஆண்டின் கடைசி ஞாயிறுகளுக்கு உலக முடிவைப் பற்றிய வாசகங்களைத்தான் வைத்திருக்கிறார்கள். அது கார்த்திகையில் வரும். ரோமாபுரியில் இருப்பவர்களுக்கு அது வெறும் குளிர்காலம். எங்களுக்குப் புயல் காலம். வெளியே காற்று ஊளையிட, உள்ளே சூரியன் இருண்டுபோகும், நட்சத்திரம் விழும் என்று வாசித்தால் எப்படி இருக்கும்? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, நான் அந்த ரகம். ஒரு வருடம் வங்கக் கடலில் புயல் சின்னம் உருவாகியிருக்கிறது என்று டிவியில் சொன்ன அன்றைக்கே அந்தப் புதன் வந்தது. ஞாயிறு வாசகத்தோடு நிறுத்தாமல் அதிகாரம் முழுவதையும் வாசிப்பது அக்காவின் வழக்கம். ஆபத்துக் காலத்தில் மலைகளுக்கு ஓடிப்போங்கள் என்ற இடம் வந்ததும் எல்லோரும் கூரையை அண்ணாந்து பார்த்தோம். சம்பா நட்டிருந்த ஆரோக்கியம் மாமாதான் வாயைத் திறந்தார்.

"ஏம்மா, மலைக்கு ஓடச் சொல்றாரு. நம்ம ஜில்லாவுல மலை ஏது? சுவாமிமலைதான் இருக்கு."

"அதுவும் மனுஷங்க கட்டுன மலை மாமா," என்றாள் எதிர்வீட்டு மருமகள் ரெஜினா.

பயத்தில் இருந்தவர்கள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தோம். அக்காவும் சிரித்துவிட்டு, "சரி, மலை இல்லாத ஊருக்கு இந்த வாசகம் என்ன சொல்லுது? நம்ம தெருவுல மலை யாரு வீடு?" என்று கேட்டார். மளிகைக்கடை பாய் துபாயிலிருந்து வந்து கட்டிய மாடி வீடுதான் தெருவிலேயே உயரம். அன்றைக்கே அக்காவும் மாமாவும் போய்க் கேட்டார்கள். "இதுக்கெல்லாம் கேக்கணுமாம்மா, வாங்க" என்றார் பாய். புயலன்று ஓட்டு வீட்டுக்காரர்கள் எல்லோரும் அந்த மாடியில்தான் இருந்தோம். வேதத்தை அக்கா படித்த விதம் இதுதான். பயத்தை மேலே ஏற்றிவிடாமல், அதைக் கையில் எடுத்து ஒரு காரியம் செய்ய வைப்பார்.

அப்படிப்பட்டவருக்கு நோய் வந்தது ஓர் ஆடி மாதத்தில். வயிற்று வலி என்று தஞ்சாவூருக்கு அழைத்துப் போனோம். கணையத்தில் புற்றுநோய், முற்றிவிட்டது என்றார்கள். வெளியே வந்ததும் அத்தான் என்னிடம், "யாருக்கும் தெரிய வேணாம். வயித்துல புண்ணுன்னு சொல்லிக்கலாம்" என்றார். நானும் தலையை ஆட்டினேன். நம் பக்கம் எல்லோரும் செய்வதுதான் இது. நோயின் பெயரை வெளியே சொல்லிவிட்டால் பார்க்க வருகிறவர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்துவிட்டு அப்போதே துக்கம் கேட்டுவிட்டுப் போவார்கள். மேட்டூர் தண்ணீர் வந்து குடமுருட்டி ஆறு நிறைய ஓடிக்கொண்டிருந்தது. பாலத்தில் வண்டி ஏறியபோது அக்கா என் கையைப் பிடித்தார். விரல்கள் ஜில்லென்று இருந்தன.

அந்தப் புதன்கிழமை வாசகம் கடலின்மேல் நடந்த நிகழ்ச்சி. சீடரான இராயப்பர் படகை விட்டு இறங்கித் தண்ணீரில் நடக்கிறார், காற்றைப் பார்த்துப் பயந்து மூழ்கப் போகிறார், ஆண்டவர் கையைப் பிடித்துத் தூக்குகிறார். கூட்டம் அக்கா வீட்டில்தான் நடந்தது. நாங்கள் ஆளுக்கொரு சொல் சொன்னோம். பெரும்பாலானவர்கள் எடுத்தது 'துணிவு'. நானும் அதைத்தான் எடுத்தேன், துளிகூட இல்லாவிட்டாலும். கடைசியில் அக்காவின் முறை.

"மூழ்கும்போது," என்றார். மூச்சு விட்டார். "மூழ்கும்போது." குரல் ஆடியது. "மூழ்கும்போது..."

எங்களோடு பல வருடமாக வரும் செசிலி அத்தை, அடுத்தவர் சொல்லைத் தொடக் கூடாது என்ற முறையையும் மறந்து, "அப்பா ஞாபகம் வந்துருச்சாம்மா?" என்று கேட்டார். அன்போடுதான் கேட்டார். எனக்கு உயிர் வந்தது. அக்காவுக்குத் தப்பிக்க ஒரு வழி கிடைத்துவிட்டது, ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லு, சொல்லிவிடு என்று மனதுக்குள் கெஞ்சினேன். அத்தான் சமையலறை வாசலில் நின்று அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா இல்ல அத்தை," என்றார் அக்கா. "எனக்குக் கேன்சர். பொழைக்க மாட்டேன்னு சொல்லிட்டாங்க. எனக்குப் பயமா இருக்கு."

இவ்வளவு வருடம் மற்றவர்களின் பயத்துக்கு மருந்து சொன்னவர் அப்படிச் சொன்னதும் எங்களுக்குக் காலடியில் தரை இல்லை. ரெஜினா அழுதாள். அழாமல் இருந்தவர் செசிலி அத்தைதான். அவர் ஒரு செபக் குழுவுக்கும் போகிறவர், கொஞ்சம் கறாரானவர். "பயம் ஆண்டவர் குடுக்குறதில்ல. விசுவாசம் கொறைஞ்சதாலதான் இராயப்பர் மூழ்கினாரு, இப்ப வாசிச்ச வாசகத்துலயே இருக்கு. நீ பயத்தோட வேதத்தைத் தொடாத. மொதல்ல உனக்கு நாங்க செபிக்கிறோம். வேற யாராவது அன்பியத்தை நடத்தட்டும்," என்றார். அத்தை தன் செருப்பைப் போட்டுக்கொண்டு போனார். அடுத்த வாரம் அவர் வரவில்லை. அவரோடு இன்னும் சில பேரும் வரவில்லை.

நோயைவிட அக்காவை அரித்தது அந்தப் பேச்சுதான். வாசகத்தில் அப்படித்தானே இருக்கிறது, பயந்தவரை விசுவாசம் குறைந்தவனே என்றுதானே ஆண்டவர் கடிந்துகொள்கிறார்? அத்தை இல்லாததைச் சொல்லவில்லையே? அக்கா இதைத் திரும்பத் திரும்பக் கேட்டார். வேதத்தை நன்றாகப் படித்தவருக்குத்தான் வேதத்தால் இப்படி அடிபட முடியும். சாவுக்குப் பயப்பட்டார். அப்படிப் பயப்படுவதே பாவமோ, அந்தப் பாவத்தோடு ஆண்டவர் முன்னால் போய் நிற்க வேண்டுமோ என்று அதற்கு மேலும் பயப்பட்டார். "நான் இத்தனை வருஷமா வாயால மட்டும்தான் நம்புனேனாடி?" என்று கேட்பார். நான் என்ன சொல்ல முடியும்? பல்லி விழுந்தால்கூட நடுங்குகிறவள் நான். "அதெல்லாம் ஒண்ணும் இல்லக்கா" என்பேன். அந்தப் பதில் எனக்கே பிடிக்காது.

ஆனாலும் புதன்கிழமைகள் நிற்கவில்லை. அடுத்த வாரமும் நடத்தப்போகிறேன் என்று அக்கா சொன்னபோது, யாரும் வராமல் வெறும் பாயைப் பார்த்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருக்கும்படி ஆகிவிடுமோ என்று அன்று முழுவதும் எனக்குக் குலை நடுக்கம். முதலில் வந்தவர் ஆரோக்கியம் மாமா. "விளக்கு வைக்கிற நேரம் வந்தா எனக்கும் பயம்தாம்மா, உங்க மாமி போனதுலேருந்து. யார்கிட்டயும் சொன்னதில்ல," என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார். ரெஜினா வந்தாள். குவைத்தில் இருக்கும் கணவரிடமிருந்து போன் வராத நாட்களில் சோறு இறங்குவதில்லை என்று அன்றுதான் அவளும் சொன்னாள். வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். துணிவு, வெற்றி என்ற சொற்களை எடுப்பது எங்களிடம் அன்றோடு குறைந்துபோனது. எங்களுக்கு அது ஆறுதலாகத்தான் இருந்தது. அக்காவின் கேள்வி மட்டும் அப்படியே இருந்தது. மாசியில் தவக்காலம் வந்தபோது அவரால் எழுந்து உட்கார முடியவில்லை. கூடத்தில் கட்டிலைப் போட்டு, அதைச் சுற்றிப் பாய் விரித்துக்கொண்டோம்.

குருத்து ஞாயிற்றுக்கு முந்தைய புதன். அந்த ஞாயிறு ஆண்டவரின் சிலுவைப் பாடுகளைச் சொல்லும் வாசகத்தைக் கோயிலில் பலர் பங்கு பிரித்து வாசிப்பார்கள். கதை சொல்கிறவரின் நீண்ட பங்கை வருடா வருடம் அக்காதான் வாசிப்பார். இந்த முறை சாமியார் அதைச் செசிலி அத்தைக்குக் கொடுத்துவிட்டார். எங்கே நிறுத்தி, எங்கே குரலை இறக்கி வாசிக்க வேண்டும் என்று அக்காவுக்குத்தான் தெரியும். அத்தைக்கு வேறு வழியில்லை. ஆடிக்குப் பிறகு முதன்முறையாக வாசலில் வந்து நின்றார். "வாங்க அத்தை," என்று கட்டிலில் இருந்தபடியே கூப்பிட்டார் அக்கா. மறுபடியும் ஏதாவது சொல்லி அக்காவைக் குத்திவிட்டுப் போய்விடுவாரோ என்று அத்தையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அத்தை வாசிக்கத் தொடங்கினார். கடைசி இராப்போசனம் முடிந்து, கைதாவதற்கு முன்னால் ஆண்டவர் தோட்டத்துக்குப் போய்ச் செபிக்கும் இடம் வந்தது. அங்கே அவருக்கு 'திகில்' உண்டானது என்று இருக்கிறது. அந்தச் சொல்லில் ரெஜினா அத்தையை நிறுத்தினாள்.

"அத்தை, திகில்னா பேய்ப் படத்துக்குத்தானே சொல்லுவாங்க?"

யாருக்கோ சிரிப்பு வந்தது. அத்தை எரிச்சலோடு, "இல்லடி. பயம். சாதாரணப் பயம் இல்ல, ஒடம்பு நடுங்குற பயம்," என்றார்.

"யாருக்கு அத்தை?" என்று கட்டிலில் இருந்து கேட்டார் அக்கா.

அத்தை தாளைப் பார்த்தார். எத்தனையோ வருடமாகக் கேட்ட வாசகம்தான். நாங்கள் எல்லோரும் கேட்டதுதான். அக்கா தன் வாயாலேயே அதைக் கோயிலில் வாசித்திருக்கிறார். ஆனால் பாடுகளின் வாசகம் நீளமானது, நின்றுகொண்டே கேட்பது, கால் வலியில் அந்தச் சொல் எங்களைத் தாண்டிப் போய்விட்டிருக்கிறது.

"ஆண்டவருக்கு," என்றார் அத்தை.

"அப்ப அவருக்கும் விசுவாசம் கொறைவா அத்தை?"

அக்கா குத்திக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அவர் கண்ணில் அப்போதும் பயம்தான் இருந்தது. அத்தை அடுத்த வரிக்குப் போனார். ஆண்டவர் மூன்று முறை போய்ச் செபிக்கிறார், அதே வார்த்தைகளைத் திரும்பவும் சொல்கிறார். அந்த இடத்தில் அத்தையின் குரல் இறங்கிவிட்டது. நாங்கள் வாராவாரம் செய்வதைப் போலவே ஆண்டவரும் செய்திருக்கிறார். கூட இருந்து விழித்திருங்கள் என்று அவர் கேட்டுக்கொண்ட சீடர்கள் தூங்கிவிட்டார்கள். அதோடு அத்தை நிறுத்திவிட்டார், தாளை மடியில் வைத்துக்கொண்டு.

வழக்கப்படி ஆளுக்கொரு சொல் சொல்ல வேண்டும். அக்கா, "திகில்," என்றார். மூன்று முறை சொல்ல அவருக்கு மூச்சுப் போதவில்லை. இரண்டாவதோடு நின்றுவிட்டது. மூன்றாவது முறையைச் செசிலி அத்தை சொன்னார். அடுத்தவர் சொல்லைத் தொடக் கூடாது என்பதுதான் எங்கள் முறை. அன்றைக்கு யாரும் அவரைத் தடுக்கவில்லை.

அதன்பின் அக்கா பேசியதுதான் அன்பியத்தில் அவர் கடைசியாகச் சொன்ன விளக்கம். "அவரு பயம் போகணும்னு அவங்ககிட்ட கேக்கல. எனக்கு எடுத்துச் சொல்லுங்கன்னும் கேக்கல. தூங்காம கூட இருங்கன்னுதான் கேட்டாரு. எனக்கும் அது போதும்."

பயம் போய்விட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். போகவில்லை. வலி கூடக் கூடப் பயமும் கூடியது. ஆனால் அது பாவம் என்ற எண்ணம் அன்றைக்குப் பிறகு அவரிடம் இல்லை. "அவருக்கே இருந்துச்சுடி," என்று என்னிடம் சொல்வார், ஏதோ ரகசியம் போல. பயப்படும்போது மறைக்காமல் கூப்பிட்டார். கூப்பிட்டபோதெல்லாம் யாராவது ஒருவர் கட்டிலருகே விழித்திருந்தோம். உயிர்ப்புப் பெருவிழா முடிந்து, சித்திரை வெயில் ஏறிய ஒரு காலையில் அக்கா போனார்.

அக்காவுக்காக உடம்பால் உழைத்தவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். கடைசி வரை தன் கையாலேயே துடைத்துத் தூக்கிக் கிடத்திய எங்கள் அத்தானுக்கு. தஞ்சாவூருக்குப் போகும் ஒவ்வொரு முறையும் தன் காரை அனுப்பிய பாய்க்கும், கஞ்சி காய்ச்சிக் கொடுத்தனுப்பிய அவர் வீட்டாருக்கும். சொன்ன நேரத்துக்கு வந்து எண்ணெய் பூசி நோயில்பூசுதல் கொடுத்த பங்குத்தந்தைக்கு. கடைசி நாட்களிலும் வீட்டுக்கு வந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசிய செவிலியர்களுக்கு. விவசாயத்தைப் போட்டுவிட்டு மாலை தவறாமல் வந்து உட்கார்ந்த ஆரோக்கியம் மாமாவுக்கு. கைப்பிள்ளையோடு வந்து முறை வைத்துப் பார்த்துக்கொண்ட ரெஜினாவுக்கு. புதன்கிழமைகளை இன்றும் நிறுத்தாமல் நடத்தும் அன்பியத்தாருக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி.

துக்கத்துக்கு வந்தவர்கள் பலர் என்னிடம், "சாந்தமாப் போனாங்களா?" என்று கேட்டார்கள். தலையை ஆட்டிவைத்தேன். உண்மையை இங்கே எழுதிவிடுகிறேன். அந்தக் காலையில் கட்டிலருகே முறை செசிலி அத்தையுடையது. நான் காலடியில் இருந்தேன். அக்கா கண்ணைத் திறந்து, "பயமா இருக்கு அத்தை," என்றார். வேதத்தில் பாதியை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர் அத்தை. ஒரு வசனமும் சொல்லவில்லை. பயப்படாதே என்றும் சொல்லவில்லை.

"ஆமாடா கண்ணு," என்றார். "நான் முழிச்சுத்தான் இருக்கேன்."

அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். மூச்சு நின்ற பிறகும் வெகுநேரம் அத்தை அந்தக் கையை விடவில்லை.